கரூரைப் பற்றிக் கேளுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பஸ் பாடி பற்றி ஒரு பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரூரைப் பற்றித்தான். “இந்தத் தடவை முழுக்க உங்க ஊரையே எழுதிடுங்க” என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். சரி. பட்டறையில் எஸ்டிமேட் எழுதியே காலம் தள்ளியவன் நான், சரித்திரப் பேராசிரியர் இல்லை. சொந்த ஊர்ப் பாசம் அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் வாசகர்: லாரி எங்களிடம், போர்வெல் போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டில். பஸ் பாடி மட்டும் எப்படி ஐயா ஆற்றைத் தாண்டி உங்கள் ஊருக்கு வந்தது?

பொறாமை தெரிகிறது! சொல்கிறேன்.

பஸ் முதலாளி ஒருவர் கம்பெனியில் பணம் கட்டினால், முழு பஸ் வந்து நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது சேஸிஸ். எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், சக்கரங்கள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான். கூரை, சீட், ஜன்னல், படிக்கட்டு எல்லாம் தனக்குப் பிடித்த பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. எஞ்சின் செய்யப் பெரிய முதல் வேண்டும். பாடி கட்டவோ, ஒரு ஷெட்டும் வெல்டிங் செட்டும் கைவேலை தெரிந்த ஆட்களும் போதும் என்றொரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் கரூர் நுழைந்துகொண்டது. மரச் சட்டத்தில் பாடி கட்டிய நாளில் ஆசாரிதான் ராஜா. இரும்பும் அலுமினியத் தகடும் வந்ததும் வெல்டரும் டிங்கரும் ராஜா ஆனார்கள்.

அடுத்தது இடம். மதுரை–சேலம் சாலையும் திருச்சி–கோவை சாலையும் வெட்டிக்கொள்வது இங்கேதான். முன்னது பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 44. பின்னது பழைய 67, இப்போது 81. பஸ் முதலாளிகள் பாடி கட்டக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற ஜாதி இல்லை. பாதி வேலையில் இரண்டு மூன்று தடவையாவது வந்து தட்டிப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். மதுரைக்காரரும் கோவைக்காரரும் காலையில் கிளம்பி, வண்டியைப் பார்த்து, சத்தம் போட்டுவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இன்னொன்று, ஒரு பட்டறையில் தொழில் கற்றவர் அடுத்த தெருவில் தனிப் பட்டறை போட்டார். அவரிடம் கற்றவர் இன்னொன்று. அவர்களை நம்பி கண்ணாடிக் கடை, சீட் தைப்பவர், ஸ்டிக்கர் வெட்டுபவர், பெயிண்ட் கலக்குபவர். ஜன்னல் பீடிங் ரப்பர் தீர்ந்துவிட்டால் பையனை சைக்கிளில் அனுப்புவோம். டீ ஆறுவதற்குள் வந்துவிடுவான். வேறு ஊரில் பட்டறை போட்டவர்கள் பீடிங் ரப்பருக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

எஸ்டிமேட் தாளில் முதல் பக்கம் இரும்புக் கணக்கு, அதில் சண்டையே வராது. சண்டை எல்லாம் கடைசிப் பக்கத்தில். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை குறைத்தால் பின்னால் ஒரு வரிசை கூடுமா? ஸ்பீக்கர் எத்தனை? குலதெய்வத்தின் பெயர் முன்கண்ணாடிக்கு மேலே எந்த அளவு எழுத்தில்? பெயிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணாக எண்ணிய முதலாளியை எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்ததும் ஷவர் டெஸ்ட். மூடிய வண்டிமேல் நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், உள்ளே ஒருவர் உட்கார்ந்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார். எங்கள் பட்டறையில் இருந்த பழைய ஆள் ஒருவர் கண்ணால் தேடவே மாட்டார். ஜன்னல் மூலை ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போவார். ஈரம் பட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். அந்த வட்டம் இருக்கும்வரை வண்டி வெளியே போகாது.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்: எங்கள் ஊர் வழியாக வெறும் எலும்புக்கூடு மாதிரி வண்டியை ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டிப் போகிறார்களே, அது கரூருக்கா அண்ணா?

அத்தனையும் கரூருக்கு என்று சொல்ல ஆசைதான், ஆனால் லாரி சேஸிஸும் அதே சாலையில்தான் வரும். பஸ் சேஸிஸில் நிறையவே எங்களுக்கு. ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை இருக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் என்று ஒரே சாலை, திரும்பவே வேண்டாம்.

அந்த ஓட்டுநர்கள் தனி ரகம், தம்பி. கூரை இல்லை, கதவு இல்லை, பல வண்டிகளில் முன்கண்ணாடியும் இல்லை. பலகையோ, தற்காலிகமாக முடுக்கிய ஒரு சீட்டோதான் ஆசனம். எஞ்சின் சூடு காலில், வெயில் தலையில், முன்னால் போகிற லாரியின் புழுதி முகத்தில். ஹெல்மெட்டுக்கு உள்ளே ஒரு துண்டு, கழுத்தைச் சுற்றி இன்னொன்று. மழை பிடித்தால் ஒதுங்கி நிற்பார்கள், இல்லையென்றால் நனைந்துகொண்டே வருவார்கள். வண்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைப் பைக்குள் திணித்து, ஊருக்கு பஸ் ஏறுவார்கள். ஏறும் பஸ்ஸையும் எப்போதோ அவர்களில் ஒருவர்தான் எலும்புக்கூடாக ஓட்டி வந்திருப்பார்.

தஞ்சாவூர் தமிழாசிரியை: சேரர் தலைநகரான வஞ்சி மாநகரம் கரூரா, கேரளத்துக் கொடுங்கல்லூரா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

கரூர். (ஒரே வரி கேட்டீர்கள்.)

அடுத்த வரி ஓசியில்: புலவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற விஷயம் இது. என் பக்கத்துச் சாட்சிகள் கரூருக்குப் பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலையில் இரும்பொறை என்ற சேர மன்னர்களின் பெயர் சொல்லும் தமிழி (பழந்தமிழ்) எழுத்து, எங்கள் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசு, ரோமானியக் காசு. பழைய கிரேக்க நூலாசிரியர் தாலமி சேர மன்னரின் தலைநகராகக் ‘கரோரா’ என்று ஓர் ஊரை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, வெள்ளலூர், கொடுமணல் தாண்டிக் காவிரிக்கு இறங்கும் பாதையில்தான் கரூர் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் இங்கே வண்டிகள் நின்று போயிருக்கின்றன. அவற்றுக்குப் பாடி கட்டியவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சேலம் வாசகர்: கரூர் ஜங்ஷனுக்கு இவ்வளவு மவுசு ஏன்?

உங்களால்தான். ஈரோடு–திருச்சி பாதை வெள்ளைக்காரன் காலத்து 1860களிலேயே வந்துவிட்டது. திண்டுக்கல் பாதை சுதந்திரத்துக்கு அப்புறம். நாமக்கல் வழியாகச் சேலம் போகிற பாதை திறந்தது 2013இல்தான். அதற்கு முன்னால் நாமக்கல் ஊருக்குள் ரயிலே கிடையாது, சேலத்துக்கு ரயிலில் போக ஈரோட்டைச் சுற்ற வேண்டும். இப்போது நாலு திசையும் திறந்திருக்கிறது.

திருப்பூர் வாசகி: எங்கள் ஊர் பனியன், உங்கள் ஊர் பெட்ஷீட் என்று படித்தோம். இப்போது ஏப்ரன், டவல் என்கிறார்கள். அப்படி என்ன தைக்கிறீர்கள்?

மேசைமேல் விரிப்பது, மடியில் போடுவது, கை துடைப்பது, ஜன்னலில் தொங்குவது, சூடான பாத்திரத்தைப் பிடிப்பது. உடம்பில் போடுகிற உடுப்பைத் தவிர, வீட்டில் எதெல்லாம் துணியோ அதெல்லாம். கைத்தறிப் பெட்ஷீட்டை முதுகில் சுமந்து வடநாடு வரை விற்றுவந்த வியாபாரிகளின் ஊர் இது, அந்தப் பழக்கம்தான் கப்பல் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை. டிசம்பர் மாதம் வெள்ளைக்காரர் வீட்டு மேசையில் விரிக்க வேண்டிய கிறிஸ்துமஸ் துணி இங்கே கோடையிலும் ஆடிக் காற்றிலும் தைக்கப்படும். வெளியே அனல், உள்ளே டேபிள் முழுக்கப் பனிமான். செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காக்கள் கொம்பு கோணலாக விழுந்த மானைத் தூக்கித் தனியாகப் போடுவார்கள். அந்தக் கழிவுத் துணி ஊருக்குள்ளேயே மலிவாக வந்துவிடும். கரூரில் பல வீட்டு மிக்சிகளுக்கு மேலே வருஷம் முழுக்கக் கிறிஸ்துமஸ்தான்.

கும்பகோணம் வாசகர்: கொசுவலைக்கும் கரூருக்கும் என்ன சம்பந்தம்? அவ்வளவு கொசுவா?

கொசு உங்கள் ஊரைவிடக் குறைவுதான் ஐயா! நூலைப் பார்த்தாலே நெய்யத் தோன்றும் ஊரில் பிளாஸ்டிக்கையே நூலாக இழுத்தால் என்ன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பாலித்தீன் குருணையை உருக்கி, பொடித் துளைகள் வழியாகப் பிதுக்கி, வெந்நீர்த் தொட்டியில் நனைத்து இழுத்தால் மெல்லிய இழை வருகிறது. பிறகு பாபினில் சுற்றித் தறியில் ஏற்ற வேண்டியதுதான். ஜன்னலுக்கு அடிக்கும் பச்சை வலை, நாற்றங்காலுக்குப் போடும் நிழல் வலை எல்லாம் இந்த வம்சம். மலேரியாவுக்காக மருந்தேற்றிய வலைகளும் இங்கிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகின்றன.

அரியலூர் பள்ளி மாணவி: புகளூர் ஆலையில் கரும்பிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்பது உண்மையா?

கரும்பிலிருந்து இல்லை கண்ணு, கரும்புச் சக்கையிலிருந்து. சாறு பிழிந்த பிறகு மிஞ்சுவது. டி.என்.பி.எல். என்கிற அரசுக் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டு, 1984இல் உற்பத்திக்கு வந்தது. ஆலை இருக்கிற இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர்.

சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைச் சும்மா போடுவதில்லை, பாய்லரில் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அதைக் கொடுத்துவிட்டால் அவர்கள் எதை எரிப்பது? அதனால் சக்கைக்குப் பதிலாக எரிபொருளோ நீராவியோ தருகிறோம் என்று காகித ஆலை பண்டமாற்று பேசியது. அப்புறம் இன்னொரு தலைவலி. கரும்பு அரைவை சில மாதங்கள்தான், காகிதமோ வருஷம் முழுக்க ஓட வேண்டும். எனவே சக்கையை மலைபோலக் குவித்து, காய்ந்து தீப்பிடிக்காமலும் கெடாமலும் இருக்கத் தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சோற்றை நீக்கிவிட்டு, நாரை மட்டும் கூழாக்குகிறார்கள். நீ பரீட்சை எழுதும் தாளில்கூட அந்தச் சக்கை இருக்கலாம்.

கவனித்துப் பார்த்தால் எங்கள் ஊர்த் தொழில் எல்லாவற்றுக்கும் ஒரு சாயல் இருக்கிறது. சேஸிஸ் ஓசூரில் பாதி முடிந்து வருகிறது. சக்கை சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வருகிறது. நூல் வேறு ஊர் மில்லிலிருந்து வருகிறது. வேறு யாரோ பாதியில் விட்டதை வாங்கி முழுசாக்கி அனுப்புவதில்தான் கரூர்க்காரனுக்குக் காசு.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: இவ்வளவு சின்ன ஊரில் இரண்டு வங்கிகள் எப்படித் தோன்றின?

கரூர் வைசியா வங்கி 1916, லட்சுமி விலாஸ் வங்கி 1926. விவசாயிக்கும் வியாபாரிக்கும் கைமாற்று தேவைப்பட்டது, உள்ளூர்ச் செட்டியார்களிடம் காசு இருந்தது. முதலாவது நூறு வயது தாண்டி ஓடுகிறது. இரண்டாவது 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. அதில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூடத் தேறவில்லை. எங்கள் தெருவில் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

தாராபுரம் விவசாயி: தொழில் தொழில் என்று பெருமை பேசுகிறீர்களே, அமராவதியை என்ன செய்தீர்கள்? எங்கள் ஊரைத் தாண்டும்போது தண்ணீராகத்தானே இருந்தது?

இந்தக் கேள்வியை எடுக்காமல் விட்டால் நான் கேள்வி பதில் எழுதுவதில் அர்த்தமில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். கைப்பிடியளவு இல்லை, மூட்டைக் கணக்கில். சாயத்தில் பெரும்பகுதி துணிக்குப் போய்விடும், உப்பு மொத்தமும் தண்ணீரிலேயே நிற்கும். கரையோரச் சாயப்பட்டறைகள் அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஆற்றில் விட்டன. ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியபோது எல்லோரும் நிறத்தைப் பற்றிப் பேசினோம். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் நிறம் இறங்கிவிடும், படம் எடுக்க வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். உப்பு இறங்காது. அது மண்ணுக்குள் போய் கிணற்றில் ஏறியது. கீழ்ப்பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேங்காய் சிறுத்தது, காய்ப்பு குறைந்தது, கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.

உங்கள் பக்கமும் ஒரு பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உடுமலைக்கு மேலே அமராவதி அணை 1957இல் வந்தது. பழைய பாசனம், புதிய பாசனம் என்று எடுத்தது போக, கரூருக்கு மழைக்காலம் தவிர மற்ற நாளில் வருவது மிச்சம் மீதிதான். ஓடுகிற ஆறாக இருந்தால் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு திருமுக்கூடலூரில் காவிரிக்குக் கொண்டுபோயிருக்கும். வறண்ட ஆற்றில் சாயத்தண்ணீரை விட்டால் அதுதான் ஆறு. காவிரியில் கலப்பதும் அதுதான்.

சட்டம் வடக்கே நொய்யல் ஆற்றிலிருந்து வந்தது. திருப்பூர்க் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, திறந்துவிட்டால் கரூர் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006இல் தீர்ப்பு. அது நடக்காமல் போகவே 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. அதே கெடுபிடி இங்கேயும் இறுகியது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், ஆர்.ஓ. கழித்ததைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும், அதற்கு விறகு, கரண்ட். சின்னப் பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை, நிறைய மூடிவிட்டன. இன்று கரூர்த் துணியில் கணிசமான அளவுக்கு ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயம் ஏறி வருகிறது.

என் அபிப்பிராயம்: நீதிமன்றம் செய்தது சரி. வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும் சான்றிதழ்களை எல்லாம் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் ஏற்றுமதிக்காரர்கள், பாழான கிணற்றுக்காரர்களுக்கு நஷ்டஈடு என்றதும் சங்கம் கூட்டி வாய்தா வாங்கியதை நான் மறக்கவில்லை. இப்போது நகரத்துச் சாக்கடை வேறு சேர்ந்துகொண்டிருக்கிறது. 1995இல் மாவட்டத் தலைநகர், 2021இல் மாநகராட்சி அறிவிப்பு என்று பலகை பெரிதாகிக்கொண்டே வந்ததே தவிர, பக்கத்து இனாம்கரூர், தாந்தோணி எல்லாம் நகரத்தோடு சேர்ந்த பிறகு பெருகிய கழிவுநீர் எங்கே போகிறது என்று பசுபதிபாளையம் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். பஸ் பாடிக்காரர்கள் நல்லவர்கள் என்று தப்பித்துக்கொள்ள எனக்கும் இடமில்லை. பெயிண்ட் ஷெட்டில் கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று அந்த நாளில் யாரும் கேட்டதில்லை, நானும் எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி எழுதியதில்லை.

மணப்பாறை இளைஞர்: ஐ.டி.ஐ. வெல்டர் முடித்திருக்கிறேன். பஸ் பாடி வேலைக்கு வரலாமா? எலெக்ட்ரிக் பஸ் வந்துவிட்டால் தொழில் போய்விடும் என்று மாமா சொல்கிறார்.

உங்கள் மாமா பாதி சரி. எலெக்ட்ரிக் பஸ்களைப் பெரும்பாலும் கம்பெனிகளே முழுசாகக் கட்டி விற்கின்றன. பேட்டரியைக் கூரையிலோ தரைக்கடியிலோ வைத்துவிட்டு, ‘இதன்மேல் நீங்கள் பாடி கட்டுங்கள்’ என்று யாரிடமும் கொடுக்கத் தயங்குவார்கள். அது உண்மையான பயம்தான். டீசல் வண்டியிலும் விதிகள் மாறிவிட்டன. பஸ்ஸை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் பஸ் பாடி கோட் வந்தபிறகு அவசர வழி, சீட் உறுதி, தீப்பிடிக்காத துணி எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, பட்டறைக்கு அங்கீகாரம் வேண்டும். ஒரு ஷெட்டும் வெல்டிங் செட்டும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது. சின்னப் பட்டறைகள் சிரமப்படுகின்றன. ஆனால் படுக்கை பஸ்கள் எரிந்த செய்திகளைப் படித்தவர்கள் யாரும் இந்த விதிகள் கூடாது என்று சொல்ல முடியாது.

வேலைக்கு வாருங்கள், ஆனால் சின்ன ஷெட்டில் ‘அண்ணன் பார்த்துக்குவார்’ என்று சேராதீர்கள். அங்கீகாரம் உள்ள, பி.எஃப். பிடிக்கிற இடமாகப் பாருங்கள். இப்போது பல பட்டறைகளில் பீகார், ஒடிசா பையன்கள்தான் அதிகம். ‘நம்ம ஆளுங்க வர்றதில்லை’ என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். என்ன சம்பளத்துக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெல்டிங்கோடு வயரிங் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய பஸ்ஸில் கேமரா, ஏசி, தீ எச்சரிக்கை என்று ஒயர் கூடிக்கொண்டே போகிறது. நாளைக்குப் பஸ் மின்சாரத்தில் ஓடினாலும் அந்த வித்தை வீண் போகாது.

சென்னை வாசகர்: அடுத்த மாதம் கல்யாணத்துக்குக் கரூர் வருகிறேன். என்ன சாப்பிட வேண்டும்?

கல்யாண வீட்டில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கரம் கடைக்குப் போங்கள். பொரி, வெங்காயம், துருவிய கேரட், பீட்ரூட், இரண்டு சட்னி போட்டுக் கலக்கித் தருவார்கள். நொறுக்கல் வேண்டுமென்றால் தட்டுவடையை உடைத்துப் போடுவார்கள், முட்டை கரமும் உண்டு. வேட்டி சட்டையை மாற்றிவிட்டுப் போங்கள். பீட்ரூட் கறை சாயத்தைவிட மோசம்.